ஏழாம் தடம்

படிவத்தில் ஒரு பிழை.
கருப்பை இறக்கம் என்று இருக்க வேண்டியது
கருப்பை இரக்கம் என்று அச்சாகி வந்துவிட்டது
சிவாஜி நகரிலிருந்து. இருநூறு பிரதி.
கன்னடத்தில் எல்லாம் சரி.
வெள்ளை மை வைத்துத் திருத்தச் சொன்னார்கள்.
எழுபதுவரை திருத்தினேன்.

மாதம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது.
நான்தான் வாசித்தேன்.
என் வாயில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன.

வயது?
ஐம்பது இருக்கலாம்.
சுகப்பிரசவமா?
"சுகம் என்னம்மா சுகம். கீழேதான் வந்துச்சு, நாலும்."
மூன்றாவதை ஆயுதம் போட்டு இழுத்தார்களாம்.
தையல் உலருமுன் சர்ஜாப்பூர் ரோட்டில்
பன்னிரண்டு மாடிக்குக் கலவை.
நாள்பட்ட இருமல்? சிமெண்ட்.
மலச்சிக்கல்? சிரித்தாள்.
ஆறாவது மாடியில் எங்கே ஒதுங்குவது,
இருட்டும்வரை அடக்கிக்கொள்வதுதான்.
அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

கனமான பொருள் தூக்குவது உண்டா:
ஆம், இல்லை, சில சமயம்.
"எத்தனை வருசம் இறக்கி வைக்காம நின்னேன்,
அதுவா இறங்கிக்கிச்சு."

அறுவை முடிந்து
பனிக்கட்டிமேல் வந்தது பச்சைப்பயறு அளவு சதை.
இப்போது அவள் நாற்பத்தேழு.
அரைத்தேன், சுழற்றினேன்,
ஜெலட்டின் கலந்த கூழ்மத்தின்
ஏழாம் தடத்தில் இறக்கினேன்.

நீலச் சாயத்தில் தோய்த்து எடுத்தால்
நொதி தெரியாது,
அது தின்ற இடம் தெரியும்.
நீலத்தில் வெள்ளையாய் ஒரு கீறல்:
எம்.எம்.பி. ஒன்பது.
நெஞ்சில் ஒரு துத்தநாக அணுவோடு திரிவது.
கொலாஜன் கயிற்றை அதன் பங்காளி முதலில் வெட்டும்,
இது பிசிறுகளைத் தின்னும்.
தடுக்கவும் உடம்பில் ஆள் உண்டு.
புதுக்கயிற்றை முடிச்சுப் போட இன்னொரு நொதி உண்டு.
தீட்டு நின்றபின் இவர்களெல்லாம்
வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை.

ஏழில் கீறல் அகலம்.
பார்த்தீர்களா, என்றேன்.
அறையில் யாரும் இல்லை.

ஒன்பதாம் தடத்திலும் அதே அகலம்.
மல்லேசுவரம், கணக்கு டீச்சர்,
ஒரே பிள்ளை, அதுவும் சிசேரியன்,
ஒரு குடம் தூக்கியதில்லை.
கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொடுவாள்,
அவள் அம்மாவும் தொடுவாளாம், அம்மாவுக்கும் இறங்கியதாம்.
அதையும் ஓரத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன்.

மேடம் கேட்டார்:
நொதி அறுத்ததால் இறங்கியதா,
இறங்கி இழுபட்டதால் நொதி வந்ததா?
இடிந்த சுவரருகே கடப்பாரையோடு ஒருவன்.
இடித்தவனா, இடிபாட்டை அள்ள வந்தவனா?
தொடர்பு உள்ளது என்று மட்டும் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

ஆறாம் வாரம் மாதம்மாள் வந்தாள்.
மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது,
டாக்டர் கன்னடத்தில் சொன்னதை
நான் தமிழில் சொன்னேன்.
ஒரு சட்டி எவ்வளவு இருக்கும்?
"அரைச் சட்டி போடச் சொல்றேன்."
மேஸ்திரி போடமாட்டான்.
எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா.

கதவருகே திரும்பினாள்.
"எஞ்சதைய வெச்சுப் பாத்தியே, என்ன சொல்லுச்சு?"

ஃபோட்டோவைக் காட்டினேன்.
"இந்த வெள்ளைதான் நோவா?"
அங்கே ஒன்றும் இல்லைம்மா,
இருந்தது போன இடம் அது.

முகத்தருகே பிடித்துப் பார்த்தாள்.
"லிஃப்டுக்கு விடுவாங்களே சந்து, அதாட்டம்."
சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள்,
கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொன்றாக.

எழுபத்தோராவது படிவம் மேசையில்.
வெள்ளை மை காய்ந்துவிட்டது.
ரகரத்தை அப்படியே விட்டு
அடுத்தவளைப் பெயர் கேட்டேன்.