காரணம் என்ற கட்டம்

லீவுப் படிவத்தில் காரணம் கேட்கிறார்கள்.
காய்ச்சல் என்றால் மருந்துச் சீட்டு வேண்டும்.
மரண வீடு என்றால்
யார் என்று சொல்ல வேண்டும்.

நேற்று ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு
கொட்டகலைச் சந்தியில் குடையை மடக்கி நின்றேன்,
ஒரு காய்ச்சலாவது வரட்டும் என்று.
தும்மல்கூட வரவில்லை.

இன்று யுகேஷுக்குக் கஞ்சி.
ஒவ்வொரு கரண்டிக்கும் முதலில் நான் வாய் திறக்க வேண்டும்,
பிறகுதான் அவன் திறப்பான்.
பாதி அவனுக்குள், பாதி என் சேலையில்.
பன்னிரண்டாவதில் என் கையைத் தள்ளினான்.
கரண்டியைத் தானே பிடித்தான்.

இரண்டு வருஷம்
இதற்காகத்தான் இருந்தேன்.

"மிஸ், புடிச்சிட்டான் மிஸ்!"
குசினியிலிருந்து ஓடிவந்த ரொசலின்
துவாயால் கண்ணைத் துடைத்தாள்.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பத்து நாற்பது. கரண்டி. வலது கை.
பதிவேட்டில் எழுதிவிட்டுத்
தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்தேன்.

இரவு, என் மகள் ரொட்டியைப் பிய்த்து
வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"நான் திங்கிறப்ப
நீங்க ஏம்மா வாயத் தொறக்குறீங்க?"