மூன்றாம் வால்வு

லாப்ரடோர் கரை, 1919.
உயிர்த்தெழுந்த ஞாயிறு, விடிவதற்குச் சற்று முன்.

ஊதுவாயைக் கழற்றி
இரவெல்லாம் அக்குளில் வைத்துப் படுத்திருந்தேன்.
குளிர்ந்த பித்தளை உதட்டைப் பிடித்தால்
தோலோடுதான் விடும்.

வெட்டுக்கிளி என்றால் என்னவென்று
முன்பொரு முறை கேட்டோம் சகோதரர் லுடோல்ஃபிடம்.
ஐந்தாம் தூதன் ஊதும்போது
புகைக்குள்ளிருந்து புறப்பட்டு வருமாமே, அது.
நெடுநேரம் யோசித்தார்.
கொசு மாதிரி, என்றார். கொஞ்சம் பெரியது.
அப்படியானால் ஜூலை முழுக்க இங்கே
ஐந்தாம் எக்காளம்தான் என்றான் யோவாப்.

எட்டி என்றொரு நட்சத்திரம் விழும்,
தண்ணீர் கசக்கும் என்றார்.
எட்டியை யார் கண்டது இங்கே.
கடலில் மூன்றிலொரு பங்கு இரத்தமாகும் என்றபோது
பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
"நல்ல வேட்டை."
சீல் அடித்த அன்று வளைகுடா
அப்படித்தானே கிடக்கும்.
அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

எங்களுக்கு எக்காளம் வேறு.
இந்த ஞாயிறு இருட்டில் வீடு வீடாய்ப் போய்
தூங்குகிறவர்களை எழுப்புவது.
ஒருவர் இறந்தால்
கோயில் கூரையில் ஏறி ஊருக்குச் சொல்வது.
கப்பல் வந்தால்,
வருடத்துக்கு ஒரே கப்பல்,
நங்கூரம் விழுமுன்னே
நாலு பேர் கரையில் நின்று வரவேற்பது.

போன வருடக் கப்பலுக்கும் ஊதினோம்.
தீத்து, யோவாப், நத்தானியேல், நான்.
நன்றாகவே ஊதினோம்.
மாவு மூட்டை இறங்கியது. தேயிலை இறங்கியது.
இருமிக்கொண்டே ஒரு மாலுமி இறங்கி
என் மகன் எனோசின் தலையைத் தடவினான்.

ஒன்பதாம் நாள்
கூரையில் ஏற ஆளில்லை.
வீடுகளில் அடுப்புகள் அணைந்தன.
பசித்த நாய்கள் என்ன செய்தன என்பதை
நான் சொல்லப்போவதில்லை.

மண் இரும்பாய்க் கிடந்தது.
உறைந்த கடலை அறுத்தோம்,
சீலுக்குத் துளையிடும் அதே ரம்பத்தால்,
கொஞ்சம் அகலமாக.
கெத்தூராளை இறக்கினேன்.
எனோசை அவளுடைய மேலங்கிக்குள் வைத்தே இறக்கினேன்.
தீத்து. நத்தானியேல். யோவாபின் கால்கள் நீளம்,
இன்னும் அறுக்க வேண்டியிருந்தது.

தூதன் ஊதியதால் வாதை வந்ததா,
வாதை வருகிறதென்று தூதன் ஊதினானா?
குளிர்காலம் முழுக்க இதையே கேட்டேன்.
லுடோல்ஃப் பிழைத்திருந்தார்.
அடுப்பைத் திறந்து ஒரு கட்டை வைத்தார்.
இன்னொன்றும் வைத்தார்.

இப்போது கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறோம்.
இருபத்து மூன்று பேர். முகமெல்லாம் கிழக்கே.
கடைசி எக்காளத்துக்கு ஒத்திகை என்று
முன்பெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.
நாலு குரல் பாட்டு இது.
மெட்டு தீத்துவுடையது.
என்னுடையது இரண்டாம் குரல்.
தனியாகக் கேட்டால்
எதையோ தேடுவது போலிருக்கும்.

இந்தப் பலகைகளுக்குக் கீழே படுத்திருப்பவர்கள்
பழைய ஆட்கள், பொறுமைசாலிகள்.
இந்த வருடத்து ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால்,
இரண்டு முழப் பனிக்கட்டிக்குக் கீழே.
நீருக்குள் பித்தளைச் சத்தம்
எவ்வளவு தூரம் போகும்?

திரும்பிக்கொண்டேன்.
யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
லுடோல்ஃப் கையை உயர்த்தி, பாதியில் நிறுத்தினார்.
முழந்தாளிட்டு
எக்காளத்தின் வாயைப் பனிக்கட்டிமேல் கவிழ்த்தேன்,
ஒரு கை இடைவெளியில்.

மூன்றாம் வால்வு உறைந்துவிட்டது.
அது வேண்டிய சுரங்களில் வெறும் மூச்சுதான் போனது.
மற்றதெல்லாம் ஊதினேன்.
கப்பலுக்கு ஊதிய அதே பாட்டு,
வேறு பாட்டு எனக்குத் தெரியாது.

முடித்தபோது உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.
இழுத்தேன்.

அப்புறம் கீழே எங்கோ
நீளமாய் ஒரு விரிசல் ஓடும் சத்தம்,
வளைகுடாவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை.

ஏப்ரலில் பனிக்கட்டி விரிசல் விடும்தான்.
இருந்தாலும் எழுந்து போகாமல் இருந்தேன்.