விளங்கிச்சா

வலயப் பணிமனை லொறியில்
புதன்கிழமை மத்தியானம் வந்திறங்கியது
ஸ்மார்ட் போட்.
பின்னாலேயே கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில்
பயிற்றுநர் நௌசீர்.
என்னிடம் படித்தவரில்லை, நல்லவேளை.

"சோக்கு வேண்டாம் டீச்சர், விரலே போதும்."
விரலால் எழுதினேன்.
எக்ஸ்
டச்சுபே மணலில் ஓடும் நண்டுபோல்
குறுக்கே போனது.
சமன் குறியின் இரண்டு கோடும்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.
இருபத்திரண்டு வருஷம் நேராய் நின்ற கையெழுத்து
ஒரு மணித்தியாலத்தில்
முதலாம் வகுப்புக்கு இறங்கிவிட்டது.

கடவுச்சொல் கேட்டது.
மகன் பிறந்த தேதியைப் போட்டேன்.
இலகுவில் கண்டுபிடித்துவிடலாமாம், வேறு தரட்டாம்.
கனடாவில் அவன் எத்தனை மணிக்கு
நித்திரை கொள்கிறான் என்று
கண்டுபிடித்துச் சொல்லட்டும் பார்ப்போம்.

பிழையை எடுக்க ஒரு வளைந்த அம்புக்குறி.
தொட்டால் போயிற்று.
கரும்பலகையில் துடைத்தாலும் பிழை
வெளிறிப்போய்க் கொஞ்ச நேரம் நிற்கும்;
அந்த வெளிறலைப் பார்த்துத்தான் சில பிள்ளையள்
தாங்கள் எங்கே சறுக்கினோம் என்று பிடிப்பார்கள்.
இதில் பிழை நடந்ததற்கே சாட்சியில்லை.
நௌசீரிடம் சொன்னேன்.
"அதுதானே டீச்சர் வசதி" என்றார்.

சிவப்புப் பொட்டைத் தொட்டால்
பாடம் முழுதும் பதிவாகும்,
வராத பிள்ளையளுக்கு அனுப்பலாம்.
அடுத்த திங்கள் தொட்டேன்.
பத்து 'பி'. வர்க்கப்பூர்த்தி. நாற்பது நிமிடம்.
இடையில் கரண்ட் போகவில்லை, அது தனி அதிசயம்.

இரவு, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
போட்டுக் கேட்டேன்.
முதலில் மின்விசிறி.
பிறகு ஒரு காகம்.
பிறகு
என்னைவிட அவசரமான ஒருத்தியின் குரல்.
அறைக்குள்ளிருந்து இவர் கேட்டார்:
"ஆரந்த மனுசி, இப்பிடிப் பறக்கிறா?"

"விளங்கிச்சா?" என்கிறாள்.
"விளங்கிச்சா?"
மறுமொழிக்கு முன்னமே "சரி, அடுத்தது."
பழைய கொப்பியின் பின்மட்டையில்
கோடு போட்டுக்கொண்டு வந்தேன்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
முப்பத்தொன்று.
கேட்டபின் நின்றது
அரைச் செக்கன், கூடினால் ஒன்று.
அதுவும் மூச்செடுக்க.

பத்தொன்பதாவதில்
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது.
ஊதல் ஓயும் இடத்தில்
கடைசி வாங்கிலிருந்து
"இல்ல டீச்சர்."

திரும்பப் போட்டேன்.
கப்பல். "இல்ல டீச்சர்."
இன்னொருதரம்.
குரலுக்கு முகம் தேடினேன்.
விதுர்ஷினியா,
பாலையூற்றிலிருந்து இந்தத் தவணை வந்து சேர்ந்த
மற்றப் பிள்ளையா?
அவளுடைய பெயர் வரவில்லை.
இடாப்பில் இருக்கிறது.
இடாப்பை நான் கூப்பிடுவதும்
இதே வேகத்தில்தான்.

அந்த வளைந்த அம்புக்குறி
பதிவில் வேலை செய்யாது.
தேடிப் பார்த்தேன்.

செவ்வாய். அதே வகுப்பு.
சிவப்புப் பொட்டைத் தொடவில்லை.
எக்ஸ் இம்முறை ஒருமாதிரி
கால் ஊன்றி நின்றது.
"விளங்கிச்சா?"
கேட்டுவிட்டு வாயை மூடினேன்.

ஒன்று. இரண்டு.
யன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
மதிலோரம் கிடந்த சோற்றுப் பொலித்தீனை
மணந்து பார்த்தது.
ஐந்து. ஆறு.
பெடியள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தான்கள்.
"போட் நிண்டுட்டுதா டீச்சர்?"
இல்லை என்று தலையாட்டினேன்.
ஒன்பது.
என் வகுப்பறை இவ்வளவு நீளமா?

பன்னிரண்டில்
கடைசி வாங்கில் ஒரு கை எழும்பி
காதுவரைக்கும் வந்தது.
தலை சொறியவோ, கேள்வி கேட்கவோ,
தெரியவில்லை.
பதின்மூன்று.