ஆள் கணக்கு

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
லேத்துப் பட்டறை மாடியில்
என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது.
ஷூட்டிங்குக்கு எத்தனை ஆள், எந்த மாதிரி ஆள்,
தலைக்கு எவ்வளவு, வராத பாக்கி எவ்வளவு.

முதல் பக்கம் என் கையெழுத்து இல்லை.
எனக்கு முன் ஆள் பிடித்த கெம்பராசு எழுதியது:
‘குடம் தூக்கும் பெண்கள் பன்னிரண்டு.
சிவப்பாக இருந்தால் நல்லது.’
கிடைக்கவில்லை போல. அடுத்த வரியில்
‘பவுடர் நாலு டப்பா.’
அந்தப் படத்தில் ஒகேனக்கல் இமயமலை அடிவாரம்.
சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி
பன்னிரண்டு பேரும் நடுங்கினார்களாம்.

பிறகு வந்தவர்களுக்குக் காடு வேண்டியிருந்தது.
காட்டுக்கு மீசை வேண்டியிருந்தது.
‘மீசை முப்பது. தாடி இருந்தால் ஐந்து ரூபாய் கூட.’
அந்த வருடம் சலூன்காரர் என்னோடு பேசவில்லை.
ஏரியூர் மாதையன் இரண்டு படத்தில் கொள்ளைக்காரன்,
ஒன்றில் காட்டிக்கொடுத்தவன்.
மடம் செக்போஸ்ட்டில் நிஜ போலீஸ் அவனை இறக்கி
எங்கேயோ பார்த்த முகமாச்சே என்று
விடிய விடிய யோசித்தது.

வெடித்த நிலம் கேட்டு ஒரு யூனிட் வந்தது.
வந்தது ஐப்பசியில்.
இருசப்பன் காட்டில் ராகி பால் பிடித்து நின்றது.
டைரக்டர் முகம் வாடிவிட்டது.
இருபது மைல் தள்ளி வற்றிய ஏரி ஒன்றைக் கண்டுபிடித்து
அங்கே எங்கள் ஊர்ப் பலகையை நட்டார்கள்.
பலகையைப் பிடுங்க மறந்து போனார்கள்.
புதிதாக வரும் வாத்தியார்கள்
இன்றும் அங்கே இறங்கிவிடுகிறார்கள்.

விழும் காட்சிகள் தனி.
அருவிக்கே சினி பால்ஸ் என்று பேர்.
அதற்கு முன் என்ன பேரோ, நான் கேட்டதில்லை.
ஊட்டமலை பரிசல்கார நஞ்சப்பன் சொல்வான்:
‘பஞ்சு பொம்மை ஒரு நொடியில உழுந்துடும்.
அதைப் பாத்துட்டு அதே பாறையில நிக்க வர்ற பையன்
மேல வர மூணு நாளாவும்.’
அந்தக் கணக்கு என் நோட்டில் இல்லை.
அவனும் எழுதி வைக்கவில்லை.

ஒரு பக்கத்தை நான் சீக்கிரம் புரட்டிவிடுவேன்.
‘பெண் குழந்தையைக் கொல்லும் தாய், ஒன்று.’
யாரும் வரவில்லை.
காவேரியம்மாள் வந்தாள்,
மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு.
‘இதுங்கள எங்க உட்டுட்டு வர்றது?’
புருசன் பெங்களூரில், கட்டட வேலையில்.
முந்நூறு ரூபாய்.
எருக்கம்பாலுக்கு ஆவின் பால்.
ஒரே டேக்கில் முடித்தாள்.

எங்கள் பக்கம் குடியிருக்கும் இடமும் கொட்டாய்,
படம் ஓடும் இடமும் கொட்டாய்.
படம் வந்தபோது குடும்பத்தோடு போனார்கள்.
திரையில் வாய் காவேரியம்மாளுடையது,
பேச்சு மதுரை.
‘யார் பேசறா?’ என்றாள் பெரியவள்.
சின்னது எதுவும் கேட்கவில்லை.
பாலாடை குழந்தையின் வாயருகே போனதும்
அம்மா மடியை விட்டு இறங்கி
அக்கா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் ஓர் இளம் டைரக்டர்,
ட்ரோன் பெட்டியோடு.
‘மேக்கப் இல்லை, மீசை இல்லை.
நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே வேணும் சார்.’
எத்தனை பேர் என்றேன்.
நாற்பது என்றார்.
‘அப்படியே இருப்பவர்கள், நாற்பது’
என்று எழுதிவிட்டு
யார் பேரை முதலில் போடுவது என்று தெரியாமல்
படியிறங்கி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடை சென்னம்மாளுடையது.
மடியை விட்டு இறங்கிய அந்தச் சின்னவள்.
ஆதார் கார்டு ஒன்றை
இரண்டு பக்கமும் நகலெடுத்தபடி
எல்லாவற்றையும் கேட்டாள்.
பிறகு, மிஷினை நிறுத்தாமல்,
‘மூஞ்சிக்கு எண்ணூறுன்னு சொல்லுண்ணா.
குரலும் எங்களதே வேணும்னா
ஆயிரத்தி ஐந்நூறு.’