பார்சல்

தர்மாவதி அக்காவுக்கு வெலிமடைக் கிளைக்கு மாற்றம்.
அதற்காக ஒன்பது பேர், அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடிக்கடையில், தூணுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே.
சுவரோரம் வேண்டும் என்று கேட்க நினைத்தேன்.
கேட்பதற்குள் அங்கே
கைப்பைகள் உட்கார்ந்துவிட்டன.

கொத்துக்கல் கீழே, வாசலில்.
இரண்டு இரும்புத் தகடுகள் பராட்டாவை வெட்டுகின்றன,
வெட்டி முடித்த பிறகும் வெட்டுகின்றன,
தெருவில் போகிறவனைக் கூப்பிட.
மற்றவர்களுக்கு அது தாளம்.
எனக்குப் பல்லின் வேரில் நடக்கிறது.

அது மட்டுமென்றால் தாங்கியிருப்பேன்.
தொலைக்காட்சியில் யாரோ ஆட்டமிழக்கிறான்.
பக்கத்து மேசைக் குழந்தை சில்வர் தம்ளரைத் தரையில் போடுகிறது,
எடுத்துக் கொடுக்கிறார்கள்,
போடுகிறது.
தொட்டியில் ஒருவர் தொண்டையைத் திறந்து
நாளைய சளியையும் இன்றே துப்புகிறார்.
"ரெண்டு பிளேன்டீ, ஒரு முட்டைக் கொத்து, நாலாம் மேசை!"
குழல்விளக்கு சாகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.
கீழே நுவரெலியா நுவரெலியா நுவரெலியா.
கண்டக்டருக்கு ஊர் அங்கேதான் இருக்கிறது என்று
நம்பிக்கை இல்லை போல.

எல்லாம் ஒரே கதவால் உள்ளே வருகின்றன.
பிறருடைய கதவில் ஒரு காவலாளி நிற்கிறான்,
நீ வா, நீ நில் என்று.
என்னுடையவன் நான் பிறந்த அன்றே லீவு.

இத்தனைக்கும் மேலே கிங்ஸ்லி.
கடன் பிரிவு. அவன் சிரித்தால் மேசைக் கண்ணாடியும் சிரிக்கும்.
"ஏன் மிஸ், கொத்து பிடிக்காதா?"
பிடிக்கும் கிங்ஸ்லி.
அதைக் காதால் தின்னத்தான் முடியவில்லை.
இதைச் சொல்ல எட்டு வாய்களை நிறுத்த வேண்டும்.
தலைவலி என்றேன்.
தலைவலி எல்லோருக்கும் புரியும்.

வெட்டிவைத்த பத்திரிகைத் துண்டில் விரலைத் துடைத்தேன்,
சாப்பிடாத விரலை.
துண்டில் ஒரு மரண அறிவித்தலின் பாதி:
காலமானார். அன்னார்
அதற்குமேல் தாள் இல்லை.
அன்னார்மேல் பொறாமைப்பட்டேன். கொஞ்சம்தான்.

அப்போது மழை. பிறகு ஓர் இடி.
மின்சாரம் போனது.

விசிறி மீதமிருந்த சுற்றைச் சுற்றி நின்றது.
தகடு நின்றது.
மனிதர்கள்கூட, ஒரு மூச்சு நேரம், நின்றார்கள்.
கூரைத் தகரத்தில் மழை.
அடுப்பில் காஸ் சீறும் சின்ன நாக்கு.
கறிவேப்பிலை வாசம்! இவ்வளவு நேரம் எங்கே இருந்தது?
தர்மாவதி அக்கா வளையலை மேலே ஏற்றிக்கொள்வது கேட்டது.
என் தோள்கள் காதருகிலிருந்து இறங்கி
தங்கள் இடத்துக்குப் போயின.
பசித்தது.

அந்த இருட்டில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது,
ஈரமாக, கிணற்றில் விழுந்தவன்
கயிற்றைப் பிடிப்பதுபோல.
கிங்ஸ்லி.
மூச்சை எண்ணி எண்ணி விட்டான்.
"லைட் வரும்தானே மிஸ்?"
யாருக்கும் கேட்காத குரலில்.
எனக்குத்தான் எல்லாம் கேட்குமே.
வரும் என்றேன்,
வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே.
கையை இழுக்கவில்லை.

ஜெனரேட்டர் உறுமியது.
வெளிச்சத்தில் அந்தக் கையைக் காணவில்லை.
"பேய் வந்திருச்சுன்னு நெனச்சேன்!" என்று அவன் மேசையைத் தட்ட
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.

என் பங்கைப் பார்சல் கட்டினார்கள்.
கொட்டகலை அறையில், இரவு பதினொரு மணிக்கு,
கதவைச் சாத்தி, கைபேசியை அணைத்து,
ஆறிப்போன கொத்தைப் பிரித்தேன்.
நல்ல ருசி.
ஒவ்வொரு துண்டிலும் அந்த வெட்டு இருந்தது,
இப்போது ஓசை இல்லாமல்.

விளக்கையும் அணைத்துவிட்டுத் தின்னலாம் என்று எழுந்தேன்.
சுவிட்சில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.
ஏனோ,
அணைக்கவில்லை.