இவுளி

குதிரைக்குக் கொம்பு தேடவில்லை நாங்கள்.
சிறகு போதும்.

வூப்பர்டால். நான்காம் மாடி. வெள்ளி இரவு.
யோர்னின் சமையலறை மேசையில்
பென்சிலால் கீறிய மலைத்தொடர்,
உச்சியில் சிப்ஸ் கிண்ணம்.
அடிவாரத்தில் என் வில்லாளி
கால் முறிந்து கிடக்கிறாள்.

"வெண்குதிரை ஒன்று இறங்குகிறது" என்றான் யோர்ன்.
"விலைக்கு வராது. கடிவாளம் ஏற்காது.
கேட்கத்தான் வேண்டும்.
எந்த மொழியில் கேட்பாய்?"

என் தாளில், மொழிகள் என்ற கட்டத்தில்,
வனதேவர் மொழி என்று எழுதியிருந்தேன்.
அதில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

குதிரையே, என்றேன் தமிழில்.
யோர்ன் அசையவில்லை.
புரவி.
பரி.
ஆங்கெ பியர் போத்தலைக் கீழே வைத்தாள்.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
இரண்டு புள்ளிக்காகப் பாடமாக்கிய ஒத்தசொல்
எங்கிருந்தோ வந்தது:
இவுளி.

யோர்னின் இடது காது,
சத்தியமாக,
ஆடியது.

"உருட்டு."

இருபது முகத் தாயக்கட்டை
மலைகளைத் தாண்டி ஓடி
ஹீட்டருக்குப் பின்னால் விழுந்தது.
நால்வரும் முழந்தாளிட்டோம்.
கைபேசி வெளிச்சத்தில், தூசிக்குள்
மூன்று.

மூன்றுக்குக் குதிரை இணங்காது. விதி அது.
"தரையில் விழுந்தது செல்லாது" என்றாள் ஆங்கெ.
செல்லும் என்றவள் நான்தான், மடைச்சி.

யோர்ன் விதிநூலை மூடினான்.
"அது பறக்கவில்லை.
போகவும் இல்லை.
உன் பக்கத்தில் கால் மடக்கிப் படுக்கிறது.
ஒரு சிறகை உன்மேல் போடுகிறது.
பனி கொட்டுகிறது."

கடைசித் தொங்குரயிலில்,
காலுக்குக் கீழே நிலமில்லாமல்,
ஆற்றின் மேலாக வீடு போனேன்.
பாதி வழியில்தான் நினைவு வந்தது,
டிக்கெட் எடுக்கவில்லை.
கேட்காமலே ஏறிவிட்டேன்.