வெறும் எடை

பதினொரு வருஷமாய் எல்லாரும் ஒரே பேர்தான் சொன்னார்கள்:
காஸ்.
சோடா குடி. இஞ்சி கடி. உறைப்பைக் குறை.
வெறுவயிற்றோடு இருக்காதே.
குளிசைப் பட்டைகள் என் மேசை லாச்சிக்குள்
லொறித் துண்டுகளோடு கிடந்து சரசரக்கும்.

சீனக்குடா மாவு ஆலையின் வாசலில்
எடைமேடை என் பொறுப்பு.
வெறும் லொறியை ஒரு தரம் நிறுப்பேன்,
ஏற்றிய லொறியை இன்னொரு தரம்.
கழித்தால் வருவது மா.
சாரதி சொல்வதை நான் எழுதுவதில்லை.
திரை சொல்வதைத்தான்.

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர் மரியநாயகம்,
கடற்கரையில் மீன் கூறுகிறவர்.
நெஞ்சு எரிந்ததே இல்லையாம். குரல்தான் போனது.
"தொண்டைக்குள்ள ஒரு முள், அக்கா.
பாரை முள்ளு எண்டு நினைச்சு
வாழைப்பழமா விழுங்கினன்."
படுத்த பிறகு மேலேறி
விடியமுன் சத்தமில்லாமல் இறங்கிப் போகிறதாம்
அவருடைய புளிப்பு.
இப்போது விரல்களால் ஏலம் கூறுகிறார்,
விலை ஏறுவதில்லை.

கிண்ணியா றமீசாவுக்குக் கமரா இறங்கியது.
நாலு இடத்தில் தோல் உரிந்து சிவப்பு.
படத்தைப் பார்த்து அவ சிரித்தா.
நடிக்கிறாய் என்ற வீட்டுக்கு
கலர்ப் படம் ஒன்று கொண்டு போகிறா.

எனக்கும் கமரா இறங்கியது.
ஒன்றுமில்லை.
கழுவிய சிப்பியின் உட்புறம் போல
வெளிறிய ரோசா நிறம்.
"நல்ல விஷயம் தானே," என்றா தாதி.
நல்லதா?
மேடையில் லொறி நிற்கிறது,
திரையில் பூச்சியம்.

ஏழு நாள் குளிசை நிறுத்தி,
மூக்கு வழியே ஒரு வயர்,
இடுப்பில் ஒரு பெட்டி.
மூன்று பொத்தான்: சாப்பாடு, படுக்கை, எரிவு.
இருபத்திநாலு மணித்தியாலம்.
வழமைபோல இருங்கோ, என்றார்கள்.
மூக்கில் வயரோடு வழமைபோல பஸ்ஸுக்குப் போனேன்.
வீதி ஓரம் ஒரு புள்ளிமான்
பொலித்தீன் பையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.
அதற்கு எதுவும் செமிக்கும்.

கொப்பியில் எழுதியவை:
7.10 இடியப்பம், சொதி.
10.25 எரிவு. மேடையில் லொறி இல்லை,
குடாவில் கடல் சும்மா கிடந்தது.
1.00 சோறு, மீன்குழம்பு. வேண்டுமென்றே கொச்சிக்காய் கூட.
எரியவில்லை. கோபம் வந்தது.
4.40 எரிவு.
4.52 எரிவு.
இரவு 2.40 எரிவு. கன்னத்துப் பிளாஸ்டர்
வியர்வையில் கழன்று தொங்கியது.

டொக்டர் சமரக்கோன் தாளை விரித்தார்.
பதினேழு தரம் அழுத்தியிருக்கிறேன்.
பதினாறு இடத்திலும் கோடு அசையவில்லை.
புளிப்பும் ஏறவில்லை, புளிப்பில்லாததும் ஏறவில்லை.
பொருந்திய ஒன்று, பிளேன் டீயோடு வந்தது.
தமிழை எண்ணி எண்ணி வைத்தார்:
"பொய் இல்லை. எரிவு உண்மை. அமிலம்தான் இல்லை.
உங்கட குழாய்க்குக் காது கூட.
சின்னச் சத்தமும் அதுக்குக் கத்தல்."
பேனையைச் சாய்த்து,
"மனசில ஏதும் கவலை?"

கவலை இல்லாத ஆளை
நிலாவெளி வரைக்கும் தேடிப் பாருங்கோ, என்றேன்.
எனக்கு எரியுது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு அட்டையில் பழையதை வெட்டி
புதுப்பேர் ஒன்று எழுதினார், நீளமான பேர்.
பழைய குளிசை நிறுத்தம்.
இரவில் மட்டும் வேறொன்று, அரைவாசி,
நரம்போடு மெல்லப் பேசிப் பார்க்க.

வெளியே மரியநாயகம்
வராத குரலில் சொன்னார்:
"கன்னியாவில ஏழு கிணறு.
பக்கத்துப் பக்கத்தில. ஏழுக்கும் ஏழு சூடு.
நாங்கள் எல்லாத்துக்கும் காஸ் எண்டுட்டம்."
சிரிக்கப் போய் இருமினார்.

திங்கட்கிழமை முதல் லொறி
ஆறு மணிக்கு மேடையில் ஏறியது.
"ஒண்டுமில்ல அக்கா, வெறும் லொறி," என்றான் சாரதி.
எண்ணாயிரத்து நானூற்று அறுபது கிலோ.
எழுதினேன்.